படம் ஆடியிருக்கிறது

போட்டோ லேபில் அவருக்குப் பெயர் முந்நூறு. அப்பா அம்மா வைத்த பெயர் எங்காவது விண்ணப்பங்களில் இருக்கலாம், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆல்பம், சுவர்ப்படம், கேன்வாஸ் என்று அச்சுக்கு வரும் எந்த ஃபைலும் அவர் மேசையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போக வேண்டும். போகுமா, திரும்புமா என்று சொல்வதுதான் இருபத்து மூன்று வருடமாக அவர் வேலை. "அங்குலத்துக்கு முந்நூறு பிக்சல் இருக்கா?" என்பதுதான் அவர் வாயில் வரும் முதல் கேள்வி. வணக்கம்கூட அதற்குப் பிறகுதான்.

போட்டோகிராஃபர்கள் அவரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு போவது தினப்படிக் காட்சி.

"சார், நேத்து எழுபத்திரண்டுதான் இருக்குன்னு திருப்புனீங்கல்ல? முந்நூறா மாத்திட்டேன்."

"எங்க மாத்துன?"

"அந்தக் கட்டத்துல சார். எழுபத்திரண்டை அழிச்சுட்டு முந்நூறுன்னு அடிச்சேன்."

"வயசு கேக்குற இடத்துல இருபதுன்னு எழுதிட்டா நரைச்ச முடி கறுத்துடுமா?"

திட்டி முடித்ததும் சொல்லியும் கொடுப்பார், அதில் கஞ்சத்தனம் கிடையாது. "நீளத்துல ஆறாயிரம் பிக்சல் இருக்கு. முந்நூறால வகு. இருபது அங்குலம். கையில வச்சுப் பாக்குற ஆல்பத்துக்கு அதுதான் எல்லை. சுவத்துல மாட்டறதுன்னா முப்பத்தாறு அங்குலம் வரைக்கும் போகலாம், எட்டி நின்னுதானே பாப்பாங்க. கேன்வாஸ் இன்னும் கொஞ்சம் தாங்கும், துணியோட நெசவு மறைச்சுடும். ஆனா ஒண்ணு, படம் ஆடியிருந்தா எத்தனை பிக்சல் இருந்தும் புண்ணியமில்ல. அதை அங்கேயே அழிச்சுட்டு வா."

சொன்னதெல்லாம் சரி. ஒரு சொல்லில்கூடக் குறை காண முடியாது. அதையே இந்த மனிதர் வீட்டிலும் செய்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அவர் மனைவிக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. கேமராவைத் தூக்கினால் போதும், பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லத் திரும்புவாள், சிரிப்பாள், சிரிப்பை மறைக்கக் கையைத் தூக்குவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் முந்நூறு வீட்டிலிருந்த எல்லாப் போன்களின் படங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றையும் முழுசாகப் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கண் கூர்மையாக இல்லையா, அழி. கை ஆடியிருக்கிறதா, அழி. போனிலும் அழிப்பார். பிறகு கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார், அரைகுறை வேலை அவருக்கு ஆகாது.

"என்னங்க, இந்த வாரமும் என்னைத் திருப்பி அனுப்பிட்டீங்களா?" என்று அவள் அடுக்களையிலிருந்து கேட்பாள்.

"நீ நின்னாத்தானே."

"நிக்கறதுக்கு நான் என்ன மரமா?" என்று சொல்லிவிட்டு அதற்கும் சிரிப்பாள்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஒரு வருடம் படுத்துப் பிறகு போனாள். அன்றைக்கு முந்நூறு அழவில்லை. பிறகும் அழவில்லை. நான்காம் நாள் லேபுக்கு வந்து உட்கார்ந்து, ஆயிரத்து இருநூறு ஃபைல்கள் தேங்கியிருப்பதைப் பார்த்து, முதல் ஃபைலைத் திறந்தார். சாப்பிட்டால் வயிறு நிறைந்தது, படுத்தால் தூக்கம் வந்தது. யாராவது தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னால், இன்னொருவருடைய தோளைத் தொடுகிறார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். துக்கம் வராததில் அவருக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது, அந்த அவமானமும் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

போன வாரம் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அம்மா படம் ஒண்ணு போட்டுக் குடுங்க. ரூம்ல மாட்டிக்கறேன்."

"கல்யாண ஆல்பத்துல எடுத்துக்கோ."

"அதுல அம்மா எங்கப்பா இருக்கா? ரெண்டு பேரும் பயந்துபோய் நிக்கறீங்க. கடைசி வருஷத்துப் படமும் வேணாம், அதைப் பார்த்தா ஆஸ்பத்திரி வாசனை வருது. நடுவுல இருந்த அம்மா வேணும்." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "போன்ல இருந்ததையெல்லாம் நீங்க ஏத்திவச்ச அந்தப் பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போனப்ப எல்லாமே போயிடுச்சு, இல்ல?"

முந்நூறு "ம்" என்றார்.

அந்த "ம்" பொய். கம்ப்யூட்டர் கெட்டது உண்மை. அதன் ஹார்ட் டிஸ்க் பத்திரமாக அலமாரியில்தான் இருந்தது. மகள் கடைக்குப் போன நேரத்தில் அதை மாட்டிப் பார்த்தார். நான்காயிரத்துச் சொச்சம் படங்கள், அத்தனையும் கத்தி மாதிரி. மகள் பல் விழுந்து நிற்கிறாள், எதிர்வீட்டுப் பூனை உட்கார்ந்திருக்கிறது, புதிதாக வாங்கிய மேசை இருக்கிறது. மனைவி இரண்டு படத்தில் முழங்கையாக இருந்தாள். ஒன்றில் சுவரில் விழுந்த நிழலாக இருந்தாள். பதினெட்டு வருடப் படங்களில் மனுஷி அவ்வளவுதான்.

மகளுக்கு ஒரு படமாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டி வரும். அம்மாவைத் துடைத்துப்போட்டது அப்பாதான் என்று தெரிந்துகொண்டு அவள் ஊருக்குப் போவாள். இவ்வளவும் அவருக்கு ஒரு ஃபைலின் அளவு மாதிரி தெளிவாகத் தெரிந்தது. பயம் மட்டும்தான் வரவில்லை.

புதன்கிழமை அவர் மொட்டையைத் தேடிப் போனார். மொட்டை என்பது ஒரு போட்டோகிராஃபருக்கு வைத்த பெயர், ஐம்பது வயது, தலையில் ஒரு முடி கிடையாது. லேபின் பத்தாவது ஆண்டு விருந்தை, ஊழியர்கள் குடும்பத்தோடு வந்த அந்த நாளை, அவர்தான் படம் எடுத்தார். எடுத்த எதையும் அழிக்காத ஆசாமி. ஐயாயிரம் எடுத்தால் ஐயாயிரத்தையும் லேபுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். "கழிக்கத் தெரியாதவன் கேமராவைத் தொடக் கூடாது" என்று முந்நூறு பத்துப் பேர் முன்னிலையில் அவரை விரட்டியிருக்கிறார். இப்போது அவர் ஸ்டுடியோ வாசலிலேயே போய் நின்றார்.

"பத்தாவது வருஷ விருந்து ஃபைல் இருக்கா?"

"என்கிட்ட எது சார் இல்ல?" என்றார் மொட்டை. ஏன் என்று கேட்கவில்லை. பதினேழு ஹார்ட் டிஸ்குகளைப் பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினார்.

ஒன்பதாவதில் இருந்தது. விருந்து ஒன்றுதான், படம் எண்ணூற்று நாற்பது. இருவருமாக ஒரு மணி நேரம் பார்த்தார்கள். அவள் தலை தெரிந்தது, முதுகு தெரிந்தது, யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதிக் காது தெரிந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் அவள் இருந்தாள். தட்டைப் பிடித்தபடி யாரையோ பார்த்துத் திரும்புகிறாள், கை வாய்ப்பக்கம் பாதி வழியில் இருக்கிறது, முகம் முழுக்கச் சிரிப்பு. வெளிச்சம் போதாமல் மொட்டை ஷட்டரை நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்து எடுத்த படம். கை ஒரு புகையாக இருந்தது. முகம் ஒரு முகமும் அதன் நிழலுமாக இருந்தது.

"ஆல்பத்துல இதை வைக்கல சார். வச்சிருந்தா நீங்க திருப்பியிருப்பீங்க."

"ஆமா."

மொட்டை அதை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். பழைய விரட்டலுக்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் முந்நூறுக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் லேபில் திறந்து அளந்தார். முகம் மட்டும் தொள்ளாயிரம் பிக்சல் அகலம். முழுப் படம் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்துக்குத் தாராளமாகப் போகும். பிக்சலில் குறையில்லை, ஆள்தான் ஆடியிருக்கிறாள். ஆடிய படத்தைச் சரிசெய்யும் மென்பொருள் ஒன்று லேபில் இருந்தது, அதில் ஓட்டினார். அரை நிமிடத்தில் முகம் கூர்மையாக வந்தது. நல்ல நெற்றி, நல்ல புருவம், இரண்டு அழகான கண்கள். சிரிக்கும்போது அவளுக்குக் கண் தெரியாது, இரண்டு கோடாகிவிடும். மென்பொருள் தன் பங்குக்கு யாரோ ஒரு வங்கி அதிகாரியின் கண்ணை வரைந்து வைத்திருந்தது. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் "அருமையான ஃபைல்" என்று முந்நூறே சொல்லியிருப்பார். சேமிக்காமல் மூடினார்.

ஆடிய படத்தையே, அப்படியே, லஸ்டர் தாளில் அச்சிட மெஷினுக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் மெஷின் ஓட்டும் அம்மா இன்டர்காமில் கூப்பிட்டார்.

"சார், பன்னெண்டு பதினெட்டு ஒண்ணு வந்திருக்கு. ஆடியிருக்கே, தப்பா அனுப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. போடுங்க."

இருபத்து மூன்று வருடத்தில் அந்த அம்மா கேட்காத பதில் அது.

சனிக்கிழமை மதியம் மகள் நேராக லேபுக்கே வந்தாள். முந்நூறு படத்தை மேசையில் விரித்து, ஓரங்களில் இரண்டு தாள் கட்டுகளை வைத்தார். மகள் குனிந்து பார்த்தாள். ஆடியிருக்கிறது என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தார். அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"இதுதாம்ப்பா அம்மா! இவ எப்ப சும்மா நின்னா?" கையின் புகையைத் தாளில் படாமல் விரலால் தடவினாள். "இது மட்டும் எப்படித் தப்பிச்சுது? கம்ப்யூட்டரோட போகலையா?"

போட்டோகிராஃபரிடம் இருந்தது என்று சொன்னால் போதும். அதுவும் உண்மைதான், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முந்நூறு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டரோட எதுவும் போகலம்மா. நான்தான் அழிச்சேன்."

மகள் நிமிர்ந்தாள். "எதுக்கு?"

"ஆடியிருந்துச்சு."

"எத்தனை படம்?"

"உன் அம்மா இருந்தது எல்லாம்."

மெஷின் அறையிலிருந்து தாள் வெட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. மகள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள். குரலே எழும்பாமல் கேட்டாள்.

"எல்லாம் இந்த மாதிரியா ஆடியிருந்துச்சு?"

முந்நூறுக்கு எட்டு மாதத்தில் முதல் தடவையாக உடம்பில் ஓர் இடம் வலித்தது.

"இல்லம்மா. இவ்வளவு ஆடல. எல்லாமே இதைவிட நல்லா இருந்துச்சு."