நேராகத் தொங்கிய செபமாலை

போன வாரம் விமானத்தில் வரும்போது, எனக்கு முன்னாலிருந்த பலகையில் ஒரு டம்ளர் தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே வெறும் மேகம். விமானம் நேராகப் போவதாகவே நினைத்து அரைத்தூக்கத்தில் இருந்தேன். மேகம் விலகியதும் பார்த்தால் ஒரு பக்க இறக்கை வயல்வெளியைக் காட்டிச் சரிந்திருந்தது. திரும்பிக்கொண்டிருக்கிறோம், எனக்குத்தான் தெரியவில்லை. டம்ளரில் தண்ணீர் துளியும் சாயவில்லை. எனக்குச் சேவியர் ஞாபகம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் எதையாவது நினைத்துப் பார்ப்பதுகூட அசதியாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

தொண்ணூறுகளில் நெய்வேலியில் எங்களுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ் அவனுடையது. அவன் அப்பா அந்தோணி மாமா சுரங்கத்தில் மண்வெட்டும் பெரிய இயந்திரத்தின் ஆபரேட்டர். அவர் சைக்கிளை நிறுத்தினாலே ஈரக்கரியும் கிரீஸும் கலந்த வாடை எங்கள் வாசல்வரை வரும். பனிக்காலத்து முதல் ஷிப்டில் கேபினுக்கு வெளியே ஒன்றும் தெரியாதாம். இயந்திரத்தின் நீளமான கை மெல்லத் திரும்பத் திரும்ப, தான் நிற்பதாகவும் சுரங்கம்தான் சுற்றுவதாகவும் தோன்றுமாம். சாப்பிட உட்கார்ந்த பிறகும், "வூடு சுத்திகினே இருக்குது" என்று தட்டைப் பிடித்துக்கொள்வார். நாங்கள் சிரிப்போம். கோயில் திருவிழா ராட்டினத்தில் ஒரு சுற்றுக்கே வாந்தியெடுத்த ஆள் நான், எனக்குச் சிரிக்க என்ன யோக்கியதை!

ஆபரேட்டர்கள் ஆளுக்கொன்றைக் கேபினில் தொங்கவிட்டிருப்பார்கள். ஒருவர் நூலில் கட்டிய நட்டு, ஒருவர் சாவிக்கொத்து. மாமாவுக்குச் செபமாலை. அதற்குப் பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு. ஈர மண்ணில் இயந்திரம் சாய்ந்தால் மாலை கோட்டைவிட்டு விலகும். பக்தியும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு.

சேவியருக்குச் சின்ன வயதிலிருந்தே விமானப் பைத்தியம். எப்படியோ பரீட்சை எழுதி, வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் இடமும் வாங்கிவிட்டான். சொந்தத்தில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியது கிடையாது. அங்கே தலையில் ஒரு மறைப்பை மாட்டி, வெளியே எதுவும் தெரியாமல், முன்னாலிருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டச் சொன்னார்கள். முதல் தடவை தவறிவிட்டான். இன்னொரு தடவை தவறினால் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். லீவில் வந்தவன் சோறே இறங்காமல் கிடந்தான். மாமா கேபினிலிருந்த மாலையைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தார்.

"ஒடம்பு சொல்றத நம்பாத. இத பாத்துகினே ஓட்டு. இது நேரா இருந்தா நீயும் நேரா இருக்கற."

அவன் வாங்கிக்கொண்டான். தரையில் நிற்கும் இயந்திரத்துக்கு அது சரி. ஆகாயத்தில் விமானம் சரிந்து திரும்பும்போது தண்ணீர், மாலை, உடம்பு எல்லாமே அந்தச் சரிவோடு சேர்ந்துகொண்டு, நேராக இருப்பது போலவே இருக்கும். கருவி மட்டும்தான் உண்மை சொல்லும். இது அவனுக்குப் பாடத்திலேயே இருந்தது.

ஒரு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தான். மந்தாரக்குப்பம் டீக்கடையில் என்னிடம் மட்டும் சொன்னான்.

"தெரியும்டா. தெரிஞ்சுதான் கருவிங்களுக்கு மேல மாலைய மாட்னேன், தைரியத்துக்கு. ஆனா சாயறேன்னு கருவி சொல்லுது, நேராதான் இருக்கறேன்னு ஒடம்பு சொல்லுது. நிமிந்து பாத்தா அப்பா மாலையும் நேரா தொங்குது. கருவி கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டேன்."

பக்கத்திலிருந்த ஆசிரியர் அவன் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கி ஓட்டியிராவிட்டால் அன்று இரண்டு பேரும் இல்லை.

வீட்டில், காதில் கோளாறு, அதனால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டான். நானும் அங்கேதான் நின்றேன். மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாலைய பாத்தியா இல்லியா?"

"பாத்தேம்பா. நேராதான் தொங்கிச்சு."

மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. அதன்பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம், "காதுதாங்க பையன கவுத்துடுச்சு. மாலை கைவுடல" என்பார். பக்கத்தில் நின்று சேவியர் தலையாட்டுவான். பனிக்காலம் வந்தால், காதில் பஞ்சில்லாமல் மாமா அவனை வெளியே விடமாட்டார். நல்ல காது இரண்டிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, நகரியத்திலேயே ஒரு கடையில் வேலைக்குப் போய் வந்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

அந்த இயந்திரம் கழித்துக் கட்டப்பட்டுவிட்டது. அது வெட்டிய பள்ளத்தை மூடி மரம் வைத்துவிட்டார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன. மாமாவும் போய்ச்சேர்ந்துவிட்டார்; கையில் அந்த மாலையை வைத்தே அடக்கம் செய்தார்கள்.

அவர் போனதற்கு அடுத்த தை மாதம் ஒரு காலையில் சேவியரைப் பார்த்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. காதில் பஞ்சு இல்லை.

"எங்கடா பஞ்சு?" என்றேன்.

"இனிமே யாருக்காக வெக்கறது?" என்றான்.