எல்லைக்கோட்டின் மேல் ஒரு வீடு

கனடா அரசின் ஏஜெண்டு ஊருக்குக் கொண்டுவந்த படத்தில் கோதுமை இடுப்புயரம் நின்றது. வந்து உழுகிறவருக்கே நிலம் என்றார். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்த ஒதார்கா, இரண்டு பெண் குழந்தைகளோடும் தங்கை தெக்லா, அவள் புருஷன் செம்கோவோடும் கிழக்கு ஐரோப்பாவின் காலிசியாவிலிருந்து கப்பலேறினாள். பிள்ளைகள் உள்ள விதவை என்பதால் கனடாவின் சஸ்காச்சுவானில் அவளுக்கும் தனி நிலம் கிடைத்தது, தங்கை நிலத்தை ஒட்டியே.

ஒட்டியே என்றாலும், நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் புல். அவரவர் நிலத்தில் அவரவர் குடியிருந்தால்தான் பட்டா. முதல் கோடையை மண்ணில் தோண்டிய குழிவீடுகளில் கழித்தார்கள். பிறகு செம்கோ ரயில்பாதை வேலைக்குப் போய்விட்டான். தெக்லா அப்போது கர்ப்பிணி.

ஒருநாள் அக்காவிடம் வந்து அழுதாள். "படத்துல எல்லாத்தையும் போட்டாங்களேக்கா, பக்கத்து வீடுன்னு ஒண்ணு போட்டாங்களா? நாய் குரைச்சாக்கூட அது நம்ம நாய்தான்."

"இங்கயே இருந்துடேன்டி."

"இருந்தா எங்க நிலம் போயிடுமே."

ஒதார்கா மறுநாளே இரண்டு நிலத்தையும் பிரித்த எல்லை முளைகளுக்கு நடுவே கயிறு கட்டினாள். வீட்டுக்கென்று வெட்டிவைத்த மரங்களை மாடு பூட்டி அங்கே இழுத்தாள். உறைபனிக்கு முன் கயிற்றின் மேலேயே ஒரு வீடு எழுந்தது; சகோதரிகள் இருவரும் களிமண் பூசினார்கள்.

நடுக்குளிரில் சோதனைக்கு வந்த அதிகாரிக்கு அவர்கள் மொழி கொஞ்சம் தெரியும்.

"இது யார் வீடு?"

"ரெண்டு பேர் வீடுங்க. நான் என் நிலத்துல படுக்கிறேன், அவ அவ நிலத்துல."

"அடுப்பு?"

"அதுலதாங்க சண்டை ஓயல. நீங்களே தீர்த்து வைங்க."

அதிகாரி அந்த அடுப்பில் குளிர் காய்ந்து, பீட்ரூட் சூப்பு குடித்து, இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு போனார்.

தெக்லாவின் ஆண் குழந்தை அவசரப்பட்டு, ஒதார்காவின் கட்டிலிலேயே பிறந்தது. "என் நிலத்துல பொறந்தவன், எனக்குத்தான்," என்று அவள் அவனைக் கீழே விடவேயில்லை. வசந்தத்தில் திரும்பிய செம்கோ, பழைய குழிவீடு காலியாகக் கிடக்கக் கண்டு பதறி, புகை தெரிந்த திசையில் ஓடிவந்தான். வாசலில் அவனை நிறுத்தி, குழந்தையை அவன் கையில் வைத்தாள் ஒதார்கா.

சில வருஷங்களில் இரண்டு பட்டாவும் வந்தன. இனித் தனியாகக் கட்டிக்கொள்ளலாம் என்று செம்கோ மரம் வெட்டிப் போட்டான்.

மாவு பிசைந்துகொண்டிருந்த தெக்லா நிமிரவில்லை. "கட்டிக்க. ஞாயித்துக்கெழமை நானும் அக்காவும் வந்து உன்னப் பாக்குறோம்."

அந்த மரங்களில் அவன் மாட்டுக் கொட்டகை கட்டினான்.