செடியக்காவின் வீட்டுக்காரர்

சித்திரபுரத்தில் பெரியமுத்துவின் ஜீப்பில் ஏறியவர்கள் இறங்கும்போது அவனோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் போனதில்லை. அருவியும் தேயிலைச் சரிவும் எல்லா டிரைவரும் காட்டுவதுதான். அவனிடம் பேச்சு இருந்தது. பள்ளிவாசல் வளைவில் யானை குறுக்கே வந்த கதையை அவன் சொன்னால், பின்சீட்டில் இருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து, அன்றைக்கு வந்தவர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்பதை மனைவி செல்வலட்சுமியிடம் ஒன்றுவிடாமல் சொல்வான். கொழுந்து பறித்த அலுப்போடு அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பக்கத்தில் விருந்தினர் விடுதி நடத்தும் ஜோமோன்தான் அதை மாற்றினான். சோலைக்காட்டில் இந்த மலைக்கே உரிய செடிகொடிகளைப் பார்க்க ஆட்களை நடத்திக் கூட்டிப்போகலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. விறகுக்கும் கீரைக்கும் மேட்டில் அலைந்த செல்வலட்சுமிக்குத் தடம் தெரியும். கல்லூரியிலிருந்து வந்தவர்கள் இரண்டு மழைக்காலம் அவளுக்குச் செடிகளின் பெயரும் குணமும் சொல்லிக்கொடுத்தார்கள். "போ புள்ள, ஞாயித்துக்கிழமை சும்மாதான இருக்க" என்று அனுப்பிவைத்ததே பெரியமுத்துதான்.

முதல் வருடம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஜோமோனுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் "செடியக்கா இருக்காங்களா?" என்று கேட்கத் தொடங்கின. பெரியமுத்து ஆட்களைத் தடம் தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டு, ஜீப்பிலேயே காத்திருப்பான். திரும்பி வரும்போது எல்லோரும் அவளைச் சுற்றியே உட்காருவார்கள். ஒருநாள் யானைக் கதையைப் பாதி சொல்லியிருந்தான். "அண்ணே, ஒரு நிமிஷம். அக்கா என்னமோ சொல்றாங்க" என்றான் பின்சீட்டுக்காரன் ஒருவன். மீதிக் கதையை யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு உள்ளே அரித்தது. ஒருமுறை ஜீப்பை விட்டிறங்கிக் கொஞ்ச தூரம் அவர்கள் பின்னால் போனான். நீர் கசியும் பாறையில் காட்டுக் காசித்தும்பை பூத்திருந்தது. அதன் முன்னால் குனிந்து, "மெதுவா வாங்க, மழை விட்டா இது இருக்காது" என்றாள் செல்வலட்சுமி. அவ்வளவு கனிந்த குரலில் அவள் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. ஒரு பூவுக்குக் கிடைத்த குரல் தனக்குக் கிடைக்கவில்லையே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. வண்டியைத் திருப்பும்போது ஓரத்தில் பூத்திருந்த ஒரு கொத்தின் மேல் டயர் ஏறியது. ஒதுக்க இடம் இருந்தது. அவன் ஒதுக்கவில்லை.

ஆவணியில் பாலக்காட்டிலிருந்து துரைசுவாமியும் அவர் மனைவி திரிபுரசுந்தரியும் வந்தார்கள். இருவரும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள். செடியக்காவோடு நடப்பதற்காகவே வந்தவர்கள். அன்று காலையில் பெரியமுத்து வீட்டில், "பார்ட்டி வரலையாம்" என்று சொன்னான். விடுதியில் போய், "அவளுக்குக் காய்ச்சல், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

நடை மோசமாக இல்லை. யானைக் கதைக்கு இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். "இதுக்கு என்ன பேர்?" என்று துரைசுவாமி கேட்டபோதெல்லாம், "அது ஒரு காட்டுச்செடிங்க சார்" என்றான். அவரும் குறைசொல்லாமல் படம் எடுத்துக்கொண்டார். ஆனால் திரிபுரசுந்தரிக்கு மனம் செடியில் இல்லை.

"ஆத்துல அவளுக்குத் துணைக்கு யார் இருக்கா?"

"யாருமில்லம்மா. தூங்குவா."

"கஞ்சி ஏதாவது குடிச்சாளா?"

"குடிச்சா... குடிச்சிருப்பா."

"நன்னாருக்கே! ஜுரத்தோட அவளைத் தனியா விட்டுட்டு எங்களோட மலை ஏறிண்டிருக்கேள். ஏன்னா, திரும்பற வழியில அவளை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்."

பெரியமுத்து வழி சரியில்லை என்றான், வண்டி ஏறாது என்றான். அந்த அம்மாள் கேட்கவில்லை. கடையில் நிறுத்தச் சொல்லி ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கினார்.

மழை விட்டிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் செல்வலட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பளியைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜுரத்தோட துணி தோய்க்கறயா நீ?" என்று பதறினார் திரிபுரசுந்தரி.

செல்வலட்சுமி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். பிறகு கம்பளியைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்பத் தேவலைம்மா. வேர்த்து விட்டிருச்சு. உள்ள வாங்க."

பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். துரைசுவாமி போனில் இருந்த படங்களைக் காட்ட, ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுநடுவே மறக்காமல் இருமினாள். ஆரஞ்சுப் பையோடு பெரியமுத்து கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்வதில்கூட அவள் தன்னைவிடக் கெட்டிக்காரியாக இருக்கிறாளே!

அவர்களை விடுதியில் விட்டுத் திரும்பியபோது அவள் கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தாள். இன்னொரு முனையை அவன் பிடித்தான்.

"காய்ச்சல்னு எதுக்குச் சொன்னீங்க?"

"வயித்தெரிச்சல்தான். வேற என்ன?" என்றான். சொன்னபிறகு திருப்பி எடுக்க முடியாது என்று தெரிந்தது. "எல்லாருக்கும் நீதான் வேணும். நான் வெறும் டிரைவரு."

அவள் கம்பளியை முறுக்கினாள். தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது.

"நிறுத்திரவா அப்ப?"

நிறுத்து என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அவன் கீழே பார்த்துக்கொண்டு, "வேணாம்" என்றான்.

"நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டேன். பொறாமைப்பட்டுக்கிட்டே கூட வாங்க. கூட்டத்துக்குப் பின்னால ஒரு ஆள் வேணும். அட்டை கடிச்சா அங்கங்க நின்னுர்றாங்க."

அப்படித்தான் பெரியமுத்து பின்னால் நடக்க ஆரம்பித்தான். அட்டைக்குத் தேய்க்கும் உப்பு முடிச்சும் தண்ணீர்ப் பாட்டிலும் அவன் பொறுப்பு. எரிச்சல் போய்விடவில்லை. முன்னால் எல்லோரும் "அக்கா, அக்கா" என்று மொய்க்கும்போது அவன் வேண்டுமென்றே மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

புரட்டாசியில் கொல்லங்கோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அதில் ராசம்மாள் என்ற வயதானவள் ஏற முடியாமல் கடைசியில் வந்தாள்.

"ஏனுங்க, இன்னும் எத்தனை தூரம் ஏறோணுங்க? எனக்குச் செடியெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. மருமவ இழுத்துட்டு வந்துட்டா."

அவளை ஒரு பாறையில் உட்காரவைத்து, போடிமெட்டு இறக்கத்தில் பெண்வீட்டாரின் புதுப் பட்டுச்சேலைகள் மேலெல்லாம் வாந்தியெடுத்த ஒரு மாப்பிள்ளையின் கதையைப் பெரியமுத்து சொன்னான். ராசம்மாள் முட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். முன்னால் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்து நின்றார்கள். அப்புறம் இன்னும் இரண்டு பேர்.

மேலே, தரையில் பூத்த ஒரு சின்ன ஆர்க்கிட்டைக் காட்டிக்கொண்டிருந்த செல்வலட்சுமி நிமிர்ந்தாள்.

"அங்க என்ன சிரிப்பு? இங்க ஒருத்தி தொண்டை வறளக் கத்திக்கிட்டு இருக்கேன்ல?"

"உங்க சம்சாரமுங்களா? கோவக்காரியாட்டம் இருக்குதே" என்று கிசுகிசுத்தாள் ராசம்மாள்.

"அது கோவம் இல்லீங்கம்மா" என்றான் பெரியமுத்து. அவன் முகம் மலர்ந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாப்பிள்ளையை ஜீப்பை விட்டு இறக்கியபிறகு என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினான்.