ராசாத்தியின் இரண்டு வளையல்கள்

சேந்தமங்கலம் பக்கம் கல்யாணம் என்றால் லட்டுக்கு ராசாத்தியைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக எந்தப் பந்தியிலும் லட்டு குறைந்ததில்லை, மிஞ்சியதும் இல்லை. யாராவது கேட்டால் இதைச் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். அவளுடைய அளவுகோல், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட வளையல். ஒன்றேகால் அங்குல அகலம். உருட்டிய லட்டு அதற்குள் உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. அறுநூறு லட்டுக்கு நாலு கிலோ கடலை மாவு.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குருமூர்த்தி, மகள் பிரீத்தியின் கல்யாணத்துக்காக அந்தக் கணக்கில் கையை வைத்தார்.

"ஏனுங்க, போன கல்யாணத்துல லட்டு நெல்லிக்காயாட்ட இருந்துச்சுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அசந்து போவோணும். ரெண்டு மடங்கு பெருசாப் புடிங்க."

"அதுக்கென்னங்க, புடிச்சிட்டாப் போவுது."

ராசாத்தியின் கை வளையல் இரண்டரை அங்குலம். வளையல் இரண்டு மடங்கு, அப்படியென்றால் அறுநூறு லட்டுக்கு மாவும் இரண்டு மடங்கு, எட்டு கிலோ. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் பந்தி. மூன்று மணிக்குப் பாதிப் பூந்தி தீர்ந்திருந்தது. தட்டில் முந்நூறு லட்டு இருக்க வேண்டும். எண்ணினாள், எழுபத்தைந்து. மறுபடி எண்ணினாள், அதே எழுபத்தைந்து. துணைக்கு வந்த செல்லாயியின் வாயை உற்றுப் பார்த்தாள்.

"எத்தன தின்ன?"

"இருநூத்திச் சொச்சம் லட்டு என்ற வயித்துல நிக்குமாக்கா?"

இன்னும் இருபத்துநாலு கிலோ மாவைப் பொரித்தால்தான் கணக்கு நேராகும். அதற்கு நேரமும் இல்லை, அடுப்பும் இல்லை. இத்தனை வருஷப் பேர் இன்று இலையில் சிரிப்பாய்ச் சிரிக்கப் போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பிரீத்தி மருதாணிக் கையோடு பூந்தி கேட்டு வந்தாள். அஸ்தம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ராசாத்தி புலம்பியதைக் கேட்டு, இரண்டு வளையலையும் பார்த்தவுடன் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உருண்டைக்குக் கன அளவு நாலு பை ஆர் க்யூப், அத மூணால வகுக்கோணுமுங்க. ஆர் ரெண்டு மடங்காச்சுன்னா, ரெண்டு ரெண்டு நாலு, நாலு ரெண்டு எட்டு. மாவும் எட்டு மடங்கு வேணுமுங்க."

"புஸ்தகத்துலயா சாமி லட்டு வேவுது?"

"ஒண்ண உடைச்சு, சின்ன வளையலுக்குப் புடிச்சுப் பாருங்களேன்."

ராசாத்தி உடைத்தாள், பிடித்தாள், சின்ன வளையலில் நுழைத்தாள். ஒன்று, இரண்டு என்று எட்டு வந்தது. ஒன்பதாவதுக்கு ஒரு பூந்தி கூட மிச்சமில்லை. பிறகு ஒரே ஒரு பெரிய லட்டைப் பிரீத்திக்காக எடுத்து வைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் மற்றதையெல்லாம் உடைத்து, மீதிப் பூந்தியையும் சேர்த்துச் சின்ன வளையல் அளவுக்கே பிடித்தார்கள். ஆயிரத்து இருநூறுக்கு எட்டு குறைவு.

பந்தியில் இலைக்கு இரண்டு லட்டு விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் மலர்ந்தது. குருமூர்த்தி மட்டும் சமையல்கட்டுக்கு வந்தார்.

"பெருசாக் கேட்டனுங்களே?"

"ரெண்டு மடங்கு கேட்டீங்க. எலையில ரெண்டு இருக்குதுங்களே."

அவர் சிரித்துவிட்டார். "உங்க கைக்கணக்கு என்னைக்குங்க தப்பியிருக்குது?"

தலையாட்டியிருந்தால் போதும், பேர் நிலைத்திருக்கும். ஆனால் எடுத்து வைத்த அந்தப் பெரிய லட்டு எதிரிலேயே இருந்தது. ராசாத்திக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னைக்குத் தப்பிப் போச்சுங்க. உங்க பொண்ணுதான் நேர் பண்ணிக் குடுத்துச்சு."

பின்னால் அண்டா கழுவிக்கொண்டிருந்த செல்லாயி நிமிர்ந்தாள்.

"நான் திங்கலைன்னும் அதோட சேத்துச் சொல்லீருங்கக்கா."