கையில் இல்லாத குறை

என் அத்தை மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். தெலுங்கு கலந்து பேசும் எங்கள் பகுதி வீடுகளில் அத்தை மகனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கு நான் செய்ததை எழுத இதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் எழுந்துவிடுவேன். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகவா இத்தனை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு அது விளையாட்டாக முடியவில்லை.

அப்போது நான் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலையில் இருந்தேன். ரிப்பேர் பார்ப்பது, புதிதாக அசெம்பிள் செய்து கொடுப்பது எல்லாம் என் வேலை. பாவா பொதட்டூர்பேட்டையில் இருந்தான். வீட்டிலேயே நான்கு பவர்லூம். படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை அப்பாவுக்குத் தறியில் உதவிக்கொண்டிருந்தான். ஓடுகிற தறியில் இழை அறுந்தால் நாம் பார்த்து முடிப்பதற்குள் அவன் முடிச்சுப் போட்டு முடித்திருப்பான்.

சாயங்காலங்களில் அவன் திருத்தணிக்கு பஸ் ஏறி வருவான். மெயின் ரோட்டில் அப்போது ஒரு கேமிங் சென்டர் இருந்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம் நின்று சுட்டுக்கொள்ளும் ஆட்டம். எங்கள் அணியில் ஆறு பேர். ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தவன் கேப்டன். ஆடுவது ஐந்து பேர்தான். யாராவது வராத அன்றைக்கு மட்டும் உட்காரும் ஆறாவது ஆள் நான். முதல் ஆள் பாவா. மூலையில் எதிரியின் தோள் தெரிந்ததும் அவன் சுட்டிருப்பான். பின்னால் நின்று பார்த்த எனக்குத் தோள் தெரிந்ததே பிறகுதான் உறைக்கும். எத்தனை முறை நின்று பார்த்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும், என் காலுக்கும் தெரியும்.

சென்டரை மூடிவிட்டார்கள். இனி அவரவர் வீட்டிலிருந்து ஆன்லைனில் சேர்ந்து ஆடுவது என்று முடிவானது. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் போட்டி நடக்கப் போவதாகவும் செய்தி வந்தது. அதற்கு முன்னால் சென்னை அணிகளோடு ஆடிப் பழக வேண்டும் என்றான் கேப்டன்.

பாவா வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அம்மையார்குப்பத்தில் சேலை பார்டருக்கு டிசைன் போட்டுக்கொடுக்கும் ஒருவரிடமிருந்து அவன் அப்பா வாங்கியது. டிசைன் வேலைக்குப் போதும். உள்ளே இருந்த பிராசசர் மிகவும் பழையது. அந்தச் சமயம் நான் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தேன். பழைய கார்டை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது. பழையது என்று நான் சொன்னாலும் அது பெரிய கார்டு. பாவா எந்தக் கார்டு வாங்கலாம் என்று என்னைத்தான் கேட்டான். இந்த விஷயத்தில் அவனுக்கு நான் சொல்வதுதான் வேதம்.

"கேமுக்குக் கார்டுதான் பாவா முக்கியம். என்னுதே எடுத்துக்க. மத்ததெல்லாம் இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அது முழுப் பொய் இல்லை. கார்டு முக்கியம்தான். ஆனால் அந்தக் கார்டுக்கு அந்தப் பிராசசர் தாங்குமா என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசித்தால் விற்க முடியாது என்று தெரிந்ததால் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மாட்டிக் கொடுத்தேன். ஆட்டத்தைத் திறந்ததும் சுவர், மரம், தண்ணீர் எல்லாம் பளிச்சென்று வந்தன. அத்தை முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து பார்த்துவிட்டு, அப்படியே நெஜமா இருக்குது என்றாள். பாவா சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு நிஜ ஆட்டத்தில் சேர்ந்தான். பத்துப் பேரும் ஓரிடத்தில் கூடி, புகை போட்டு, எல்லாத் துப்பாக்கியும் ஒன்றாக வெடித்த நேரத்தில் படம் ஒரு கணம் நின்றது. மறுபடி ஓடியபோது பாவா செத்துக் கிடந்தான்.

நான் குனிந்து, கம்ப்யூட்டர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் எண்களைத் திரையின் மூலையில் போட்டுப் பார்த்தேன். பிராசசர் நூற்றுக்கு நூறு. கார்டு பாதிகூட இல்லை. ஆட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எங்கே போகிறது என்று கணக்குப் போடுவது பிராசசர். அந்தக் கணக்கை வாங்கிப் படமாக வரைவது கார்டு. கணக்கு வந்து சேராதவரை எவ்வளவு பெரிய கார்டானாலும் சும்மா காத்திருக்க வேண்டியதுதான். ஆள் இல்லாத இடத்தில் கணக்குக் குறைவு, படம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆட்டம் முடிவாகிற அந்த இரண்டு மூன்று நொடிகளில்தான் திணறும்.

"இன்னா மாப்ள நம்பர் அது?" என்று கேட்டான்.

"சும்மா, சூடு ஏறுதான்னு பாத்தேன்" என்று சொல்லி எண்களை அணைத்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். பிராசசரை மாற்ற வேண்டும், அது உட்காரும் மதர்போர்டையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், இதை ஏன் கார்டை விற்கும் முன்பே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் சென்னை அணிகளோடு ஆட ஆரம்பித்தார்கள். பாவாவால் நிற்க முடியவில்லை. மூலையில் ஆளைப் பார்ப்பான், திரை ஒரு இமைப்பு நேரம் சிக்கும், அதற்குள் எதிரி சுட்டிருப்பான். ஹெட்போனில் எங்களுக்கெல்லாம் கேட்டது அவனுடைய "சாரி" மட்டும்தான். ஒரு ஆட்டத்தில் ஏழெட்டு சாரி. படம் சிக்குகிறது என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்த இமைப்பு நேரத்தைத் தன் கை எடுத்துக்கொள்வதாக நினைத்தான். சென்டரில் உள்ளூர்க்காரர்களோடு ஆடியதால் பெரிய ஆளாகத் தெரிந்தோம், நிஜ ஆட்டக்காரன் வந்ததும் நம் கையின் வேகம் தெரிந்துவிட்டது என்று என்னிடம் சொன்னான். புது மவுஸ் வாங்கினான். ரப்பர் பந்தைச் சுவரில் அடித்து ஒற்றைக் கையால் பிடித்துப் பழகினான். தறிக்கூடத்துச் சுவரில் அந்தப் பந்து பட்ட தடங்கள் வட்டம் வட்டமாக இருந்தன. நான் பார்த்தேன்.

அணியில் அவன் இடம் ஆட்டம் கண்டதும் எனக்குள் ஒன்று நிமிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன். ஐந்து பேரில் ஒரு இடம் காலியானால் அதில் நான்தான் உட்காருவேன். அதன்பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்தது கார்டுக்காக இல்லை.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கேப்டன் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் போனான். அவன் நியாயமான ஆள். பாவா கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்து நேராகவே கேட்டான்.

"சிஸ்டம் பிரச்சினையா, ஆள் பிரச்சினையா? உனக்குத்தான் தெரியும். சொல்லு."

பாவா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நான் ஆட்டத்தைத் திறந்து, குறி பார்த்துப் பழகும் தனி அறைக்குள் போனேன். அங்கே எதிராளிகள் கிடையாது, பொம்மைகள் மட்டும் நிற்கும். கணக்குப் போட ஒன்றும் இல்லாத இடம். அங்கே அந்தப் பழைய பிராசசர் திணறாது என்று தெரிந்துதான் அங்கே போனேன். ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண்ணைப் பெரிதாகக் காட்டினேன். எண் நன்றாக இருந்தது. பொம்மைகளை ஒவ்வொன்றாகச் சுட்டேன். படம் எங்கும் நிற்கவில்லை.

"சிஸ்டம்ல ஒண்ணும் இல்ல" என்றேன்.

கேப்டன் எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பாவாவைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஆங், நான்தான் சொல்லிகினு இருக்கேனே" என்றான் பாவா. "எனக்குத்தான் கை வரல. மாப்ள ஆடட்டும்."

கேப்டனைவிட அவன்தான் அதை லேசாகச் செய்தான். அத்தை எங்களுக்கு டீ கொடுத்தாள். நான் குடித்தேன்.

கல்லூரியில் போட்டி நடந்த அன்று பாவாவும் எங்களோடு வந்தான். ஆறாவது ஆளாக, எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொண்டு. அங்கே ஒரு பெரிய ஹாலில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி. புதுப் பிராசசர், அதற்கேற்ற கார்டு. உட்கார்ந்து மவுஸைத் தொட்டதுமே புரிந்தது. எங்கள் வீடுகளில் இருந்ததெல்லாம் இங்கே ஒரு பொருட்டே இல்லை. இங்கே அவரவர் கைதான். பாவா இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

ஆட்டம் தொடங்க நேரம் இருந்தது. கேப்டன் அவனிடம், நீயும் அஞ்சு நிமிஷம் உக்காந்து பாரு என்றான். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. எனக்கெதற்கு, மாப்ள கையைச் சூடு பண்ணிக்கட்டும் என்று பாவா நகர்ந்துவிட்டான். அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

முதல் சுற்றிலேயே தோற்றோம். ஐந்து பேரில் மட்டமாக ஆடியது நான். படம் எங்கும் சிக்கவில்லை, சொல்லிக்கொள்ள எனக்கு எந்தச் சாக்கும் இல்லை. திரும்பும் ரயிலில் பாவா என் பக்கத்தில் உட்கார்ந்து, மொத தடவ அப்படித்தான் இருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டு வந்தான். அரக்கோணம் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அணி கலைந்தது. பாவா கம்ப்யூட்டரை விற்றுவிட்டான். அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். சில மாதம் கழித்து ஆந்திரா பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். சின்னச் சின்ன மின் பாகங்களைப் பொருத்தும் வேலை. கை வேகத்துக்கு ஒரு பரீட்சை உண்டு. அவனோடு படித்த இரண்டு பேர் போனார்கள், எடுத்துக்கொண்டார்கள். பாவா போகவில்லை. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் சொல்லி அழுதாள். அவனுக்குக் கை மந்தமாம், அந்தப் பரீட்சையில் தேற மாட்டானாம், அவனே முடிவு பண்ணிக்கினான் என்றாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன். பாவா திருவாலங்காட்டில் ஒரு உரக்கடைக்குக் கணக்கெழுதப் போனான். இன்றுவரை அங்கேதான் இருக்கிறான். வண்டி ஓட்டுவதில்லை. அவன் மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வருவான். கேட்டால், எனக்கு பிரேக் புடிக்கறதுக்குள்ள லேட்டாயிடும் என்று சிரிப்பான்.

நான் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறேன். கேமிங்குக்கு என்று வருகிறவர்களிடம் முதலில் பிராசசர் என்ன என்று கேட்பேன். காசை நீட்டிக் கேட்டாலும் பொருந்தாத கார்டைக் கொடுக்க மாட்டேன். நல்ல மனுஷன், ஏமாற்ற மாட்டான் என்று பெயர். முன்பின் தெரியாதவர்களிடம் நான் அப்படித்தான்.

போன வருடம் பாவா மனைவியோடு திருத்தணி மலைக் கோயிலுக்கு வந்துவிட்டு, லேப்டாப் சார்ஜர் வேண்டும் என்று கடைக்கு வந்தான். அவள் பூ வாங்கப் போயிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். எண்களை அணைத்தது, பொம்மை அறைக்குள் போனது, ஏன் போனேன் என்பது வரை. அவன் நம்பாதவன் போலப் பார்த்தான். ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு பழைய மெஷினில் நல்ல கார்டைச் செருகி, ஒரு ஆட்டத்தில் சேர்ந்து காட்டினேன். கூட்டம் கூடியதும் படம் சிக்கியது. அதே கார்டைப் புது மெஷினில் போட்டுக் காட்டினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. மவுஸை அவன் பக்கம் தள்ளி, உட்கார் பாவா, ஒரே ஒரு ரவுண்டு என்று கெஞ்சினேன்.

அவன் தொடவில்லை. கைகளைப் பேண்ட் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீ இன்னும் அதையே நெனச்சிகினு இருக்கியா? வுடு மாப்ள. எனக்குக் கை ஸ்லோதான். என் கைய பத்தி எனக்குத் தெரியாதா?"

"இல்ல பாவா. நான் பொய் சொன்னேன்."

"எனக்காக இப்ப சொல்றே, அது தெரியுது."

மன்னிப்புக் கேட்க வந்தவனை அவன் ஆறுதல் சொல்ல வந்தவனாக ஆக்கிவிட்டான். சார்ஜரைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். படியிறங்கினவன் நின்று, ஸ்கூட்டர் வருகிறதா என்று தெருவைப் பார்த்தபடியே சொன்னான்.

"இத எங்கம்மாகிட்ட போய் சொல்லிடாத. அந்த வேலைக்கு ஏன் போவலன்னு கேக்கறத இப்பதான் வுட்டாங்க."

நம்பாதவன் எதற்கு அதைச் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு விசேஷங்களில் அத்தையைப் பலமுறை பார்த்தேன். பக்கத்தில் உட்கார வைத்து, நல்லா இருக்கியா என்று கேட்கிறாள். நல்லா இருக்கேன் அத்தை என்கிறேன். பாவா எதிரில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்க்கிறான்.