பிலோமினாவின் போர்டும் என் வயிற்றெரிச்சலும்

டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்பது, பேச வேண்டியவர்களைச் சேர்த்து வைத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டிருக்கிற வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் குற்றாலத்தில் காலை ஷிப்ட் எனக்கு. மதியம் இரண்டு மணியிலிருந்து பிலோமினா என்ற அம்மாவுக்கு. தென்காசியில் ஆட்டோமேடிக் எக்ஸ்சேஞ்ச் வரப்போகிறது, கையால் லைன் போடுகிற எங்கள் போர்டை மூடிவிடுவார்கள், எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அங்கே வேலை பார்க்க டிரெயினிங், மற்றவருக்கு வெளியூர் மாற்றல் என்று பேச்சு. கூட வேலை பார்க்கிறவரை ஊரே மெச்சுவதைத் தினமும் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் என் பாடு புரியும்.

அர்ஜென்ட் கால்

சாரல் நேரம். லாட்ஜெல்லாம் நிரம்பிக் கிடந்தது. வெளியூருக்கு இருந்ததோ இரண்டே டிரங்க் லைன். ஐந்தருவி ரோட்டு லாட்ஜ் முதலாளி ஒருவர் காலை பத்து மணிக்கு மதுரைக்கு அர்ஜென்ட் கால் கேட்டார். அரை மணி ஆகும் என்றேன். பிலோமினா இருந்தால் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அவருக்கும் இதே லைன்தான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அர்ஜென்ட்தான் தம்பி. இருந்தாலும் அந்த அம்மா ரெண்டு மணிக்கு வரட்டும், நான் பொறுத்துக்கிடுதேன்."

நோ ரிப்ளை

போர்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துளை, அதன் மேல் ஒரு சின்ன மூடி. அங்கே கைப்பிடியைச் சுற்றினால் இங்கே மூடி விழும். நம்பரைக் கேட்டு, அந்தத் துளையில் ஒயரைச் செருகி மணி அடிக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் 'நோ ரிப்ளை'. விதி அவ்வளவுதான், நானும் அவ்வளவுதான்.

ஒரு நாள் டாக்டர் வீட்டுக்கு மூன்று தடவை அடித்து ஓய்ந்திருந்தேன். ஷிப்டுக்கு வந்த பிலோமினா குடையை மடக்கிக்கொண்டே செங்கோட்டையில் ஒரு மரக்கடைக்கு லைன் போட்டார். டாக்டர் அங்கே ஜன்னலுக்குத் தேக்கு பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் டாக்டர் எங்கள் சூப்பர்வைசரைத் தேடியே வந்து, என் காது படச் சொல்லிவிட்டுப் போனார்:

"நான் எங்கன இருக்கேன்னு என் வீட்டுக்காரிக்கே தெரியாது சார், பிலோமினாவுக்குத் தெரியுது."

காப்பி அடித்தேன்

அந்த அம்மா செய்தால் நானும் செய்வேன் என்று, யார் எங்கே போகிறார்கள் என்று குறித்துவைக்க ஆரம்பித்தேன். மறு வாரம் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மனைவி கடைக்கு லைன் கேட்டார். கடையில் இல்லை, கிளப்பில் சீட்டாடுகிறார், அங்கேயே கொடுக்கிறேன் என்று பெருமையாகக் கொடுத்தேன். சாயங்காலம் ஜவுளிக்கடைக்காரர் நேரில் வந்தார்.

"உங்ககிட்ட லைன்தானவே கேட்டோம், எங்குடியக் கெடுக்கவா கேட்டோம்?"

வரிசை

டாக்டர், ஆஸ்பத்திரி, கார் ஸ்டாண்டு, போலீஸ் என்று அவசரத்துக்கு வேண்டியவர்களையெல்லாம் பிலோமினா இடது கைப்பக்கம் ஒரே வரிசையில் வைத்திருந்தார். போர்டுக்குப் பின்னால் ஒயரை மாற்றினால் எந்த வீட்டையும் எந்தத் துளைக்கும் கொண்டுவரலாம். எனக்கும் அது சௌகரியம்தான். ஆனால் யோசனை அவருடையதாயிற்றே. மேலதிகாரி வந்து பார்க்கப்போகிறார், நம்பர்கள் வரிசையாக இருக்க வேண்டாமா என்று சூப்பர்வைசரிடம் ஓதினேன். மாற்றிக்கொள், அந்த அம்மாவிடம் மறக்காமல் சொல்லிவிடு என்றார். ஒரு காலையில் லைன்மேனை வைத்து எல்லாவற்றையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி, நம்பர்ச் சீட்டும் ஒட்டினேன். பிலோமினாவிடம் சொல்லவில்லை. மறக்கவில்லை, சொல்லவில்லை.

அவர் தடுமாறுவதைப் பார்க்க வேண்டும் என்றே ஷிப்ட் முடிந்தும் உட்கார்ந்திருந்தேன். அவர் ஹெட்போனை மாட்டியதுமே இலஞ்சியிலிருந்து ஒருவர், மனைவிக்குப் பிரசவ வலி, கார் வேண்டும் என்றார். பிலோமினாவின் கை பழகின துளைக்குப் போனது. மணி அடித்ததோ பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவில். டிரைவர்கள் தூங்குகிறார்கள் என்று நினைத்து அவர் அடித்துக்கொண்டே இருந்தார். சரியான துளை எது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன் என்று பேசாமல் இருந்தேன். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அவர் சீட்டைப் பார்த்தார். கார் போவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம் என்று தகவல் வந்த பிறகுதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

போர்டு மாறியதைச் சொன்னார்களா இல்லையா என்று சூப்பர்வைசர் பிலோமினாவிடம் கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சொல்லத்தான் செஞ்சாக சார், என் கை பழக்கதோசத்துல போயிட்டு."

மாற்றல்

தப்பு அவர் பேரில் ஏறியதால் டிரெயினிங் எனக்கு வந்தது. அவருக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல். கடைசி நாளில், எப்படியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் சொந்த விஷயம் எதைப் பற்றியும் நான் ஆபீசில் வாய் திறந்ததில்லை. அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்:

"நீங்க வேணும்னுதான் சொல்லலன்னு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. இங்கன மேலகரத்துல வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டிப் போட்டிருக்கீகன்னும் தெரியும்லா."

வீட்டை அடுத்த வருஷமே கட்டி முடித்துவிட்டேன், அந்த அம்மாமேல் படுகிற பொறாமையைத்தான் இன்னும் முடித்தபாடில்லை.