செவ்வந்தி தட்டவில்லை

செவ்வந்தியின் வலது கை என் தொடைகளுக்கு நடுவே நீட்டிக் கிடந்தது. மணிக்கட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுப்பை மெல்ல உயர்த்தினேன். ஜூடோவில் இது கைப்பூட்டு. பூட்டு இறுகியதும் மற்ற கையால் எதிராளியின் மேலோ தரையிலோ இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டினால் அந்த நொடியே விட்டுவிடுவோம். தட்டாவிட்டால் முழங்கை போகும்.

அவள் தட்டவில்லை.

நெய்வேலியில் ஒரு பழைய கம்யூனிட்டி ஹாலில் சாயங்காலங்களில் எங்கள் வகுப்பு. பல ஊர் சுற்றி, எங்கேயும் கால் தரிக்காமல் அப்பாவின் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய நான் சும்மா இருக்க முடியாமல் சேர்ந்தேன். செவ்வந்தி அப்படியல்ல. வளையமாதேவிப் பக்கத்துப் பெண். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒரு காண்ட்ராக்டரிடம், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை வாரும் வேலை. மழைக்காலத்தில் அந்தத் தரை சோப்புபோல வழுக்கும். கூட வேலை பார்த்தவள் அங்கே விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடந்தாள். அவள் இடத்துக்கு மறுவாரமே வேறு ஆள் வந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஹால் வழியாகப் போன செவ்வந்தி, பிள்ளைகள் தொப்பென்று விழுந்து சிரித்துக்கொண்டே எழுவதைப் பார்த்து உள்ளே வந்துவிட்டாள்.

"வுழறதுக்கும் இங்க சொல்லித் தராங்களா மேடம்?"

"முதல்ல அது மட்டும்தான்," என்றார் பயிற்சியாளர் சங்கீதா.

"எம் பொண்டாட்டி வுழறதுக்குப் பேண்ட்டு போட்டுக்கினு போறா," என்று அவள் கணவர் செல்வகுமார் டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. இரண்டு வருடத்தில் விழக் கற்றாள், பிறகு ஆளைத் தூக்கி எறியக் கற்றாள். வருகிற ஞாயிறு ஆரஞ்சு பெல்ட் தேர்வு.

பூட்டியிருந்த கையோடு இடுப்பை இன்னும் ஒரு விரலளவு உயர்த்தினேன். அவள் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்திருந்தாள். என் பிடிக்குள் முழங்கை சூடாக இருந்தது. உள்ளே ஏதோ நறுக்கென்றது. பயந்து நானே விட்டுவிட்டேன்.

சங்கீதா ஓடி வந்தார். "ஏன் தட்டல?"

"தாங்கிக்கினேன் மேடம்."

"தாங்கறதுக்கு இது என்ன பிரசவமா? கையக் காட்டு."

சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கை வீங்கிக் கன்றிப்போயிருந்தது. கன்றல் பழையது. வேலையில் இரும்புச் சட்டத்தில் மோதிய அடி என்றாள்.

"ஃபர்ஸ்ட் எய்டுக்குப் போனா பேரு எழுதிப்பாங்க. அப்பால அடுத்த காண்ட்ராக்டுக்கு என்னக் கூப்பிட மாட்டாங்க. எங்க செட்டுல யாரும் வலிக்குதுன்னு வாயத் தொறக்க மாட்டோம். பழகிப்போச்சு."

சங்கீதா என்னைக் காட்டினார். "நீ தட்டுவேன்னு நம்பித்தான் சத்யா இழுக்கறா. கை ஒடிஞ்சிருந்தா? உன் வேலையும் போயிருக்கும், அவளும் ஆயுசுக்கும் தூங்கியிருக்க மாட்டா. ஞாயித்துக்கிழமை நீ வர வேணாம்."

 செவ்வந்தி என் பக்கம் திரும்பி விரிப்பில் மல்லாந்து படுத்தாள்.

"இடது கையில போடு புள்ள."

சங்கீதா தலையசைத்தார். எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் பூட்டினேன். அவள் விரல்கள் என் காலைத் தொட்டன, தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

"கேக்கல," என்றார் சங்கீதா.

அடுத்த அடியில் ஹாலே அதிர்ந்தது. என் கால் சிவந்துவிட்டது.

மறுநாள் காலை க்ரேப் கட்டுத் துணியோடு ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அவள் அதை வாங்கி, வேலைக்குப் போடும் முழுக்கைச் சட்டைக்கு மேலேயே சுற்ற ஆரம்பித்தாள்.

பக்கத்தில் நின்ற மணிமொழி, அவளோடு வேலை செய்பவள், பதறினாள். "ஏய், கிறுக்கி! உள்ளாற கட்டுடி. சூப்பர்வைசர் பாத்துடப் போறான்."

 செவ்வந்தி துணியின் நுனியை என்னிடம் நீட்டி, இறுக்கி முடிச்சுப் போடச் சொன்னாள்.  பஸ் வந்ததும் இடது கையால் கம்பியைப் பிடித்து முதல் ஆளாக ஏறினாள்.